ஒரு சில்லும் ஒரு பிழைதிருத்தமும்

பத்திரிகையில் பிழை வந்துவிட்டால், மறுநாள் உள்பக்கத்தின் ஒரு மூலையில், எவருடைய கண்ணிலும் இலகுவில் படாத அளவுக்குச் சிறிய எழுத்தில் 'திருத்தம்' என்று போடுவது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு போட்டிருக்கிறேன். இப்போது எனக்கு மேலே ஆசிரியரும் இல்லை. ஒளித்து வைப்பதற்கு உள்பக்கமும் இல்லை. ஆகவே இந்தத் திருத்தத்தை முகப்பிலேயே போட வேண்டியிருக்கிறது.

விடயம், துவிச்சக்கரவண்டிச் சில்லுக்குக் கம்பி கோர்ப்பது பற்றியது. இதுவும் எழுதுவதற்கு ஒரு விடயமா என்று சிரிக்க விரும்பும் அன்பர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சில்லை நம்பி நாளாந்தம் பிழைக்கும் ஒருவனுக்கு நான் தவறான ஆலோசனை வழங்கினேன். அதனால் அவன் விழுந்து, கை மணிக்கட்டு வீங்கி, இரண்டு வாரம் மாலை வேலைக்குப் போகாமல் இருந்தான். அவன் என் தங்கையின் மகன்.

மருமகன் லண்டனில் வதிவிட உரிமை பெற்றுக் குடும்பத்துடன் வாழ்கிறான். பகலில் ஒரு கடையில் வேலை. மாலை ஐந்து மணிக்குப் பின்னர், முதுகில் பெரிய சதுரப் பையைச் சுமந்துகொண்டு, உணவகங்களிலிருந்து வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வாடகை கட்டுவது முதல் வேலையால். பிள்ளைகளின் மிச்சச் செலவுகள் இரண்டாவதால். அவனுடைய வண்டி, பின் சில்லின் நடுவிலேயே மின்மோட்டார் பொருத்தப்பட்ட வகை. ஐக்கிய இராச்சியச் சட்டம் அனுமதிக்கும் 250 வாற்று வலுவும் மணிக்கு 15.5 மைல் வேக எல்லையும் கொண்டது. அந்தப் பின் சில்லில் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன. ஒன்றை மாற்றினால் இன்னொன்று. அவன் போன கடையில் ஒவ்வொரு முறையும் அறுந்த கம்பியை மாத்திரம் மாற்றிப் பணம் வாங்கினார்கள். கடைசியில், "இதெல்லாம் திருத்தி வேலையில்லை, முழுச் சில்லாக ஒன்று வாங்கிக்கொள்" என்றார்களாம்.

"மாமா, அந்த நாளில் ஊரிலை மூண்டு பேரை ஏத்திக்கொண்டு திரிஞ்ச சில்லுகள் எப்பிடி உடையாமல் நிண்டது?" என்று அவன் தொலைபேசியில் கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. வயது போனவனிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு எல்லாம் தெரிந்ததுபோல ஒரு குரல் வந்துவிடுகிறது. "மூண்டு குறுக்காகக் கோர்க்கச் சொல்லு. வேறை ஒண்டும் யோசியாதை" என்று தீர்ப்பு வழங்கிவிட்டேன்.

இந்த 'மூன்று குறுக்கு' எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. மோட்டார் சைக்கிள்கள் ஓரிரு துளி பெற்றோலை முகர்ந்து உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின. மற்றைய அனைத்தும் மிதிவண்டியில்தான். விறகு, நெல் மூட்டை, நோயாளி, பள்ளிப்பிள்ளைகள், பத்திரிகைக் கட்டு எல்லாமே அதன் மேல்தான் ஏறின. மின்சாரமும் இல்லை. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். பிபிசி தமிழோசைச் செய்தியை ஒருவர் சுற்ற, இன்னொருவர் குறிப்பெடுப்போம். சில்லில் சற்றே நெளிவு இருந்தாலும் டைனமோவின் உருளை ரயரைத் தொட்டும் விட்டும் ஓட, செய்தி வாசிப்பவரின் குரல் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். முக்கியமான பெயர் வரும் இடத்தில் அமிழ்ந்துவிட்டால் அன்றைய செய்தியில் அந்தப் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்தில் 'பக்கிள் எடுத்தல்' என்றும் தமிழகத்தில் 'கோட்டம் எடுத்தல்' என்றும் சொல்லப்படுகின்ற சில்லு நேராக்கும் வேலைக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் அப்படி ஓர் உறவு இருந்தது என்பதை இளைய பத்திரிகையாளர்கள் நம்பமாட்டார்கள்.

1994ஆம் ஆண்டு எனது பழைய றலி வண்டியின் பின் றிம் துருவேறிப் பிளந்துவிட்டது. எங்கள் சந்தியில் ஓலைக் கொட்டிலில் திருத்துமிடம் வைத்திருந்த முதியவரிடம் கொண்டுபோனேன். அவரிடம் ஒரு றிம் இருந்தது. கம்பிகளோ வேறு சில்லுகளிலிருந்து கழற்றி, துரு சுரண்டி, எண்ணெய் பூசி வைத்தவை. அவற்றை என் வண்டியின் பழைய கம்பிகளோடு நிறுத்திப் பார்த்தார். ஏறத்தாழக் கால் அங்குலம் குறைவு.

"தம்பி, பின்சில்லுக்கு நாலு குறுக்குத்தான் முறை. நாலு போட்டால் இந்தக் கம்பி எட்டாது. மூண்டு போட்டுத் தாறன். பாரம் ஏத்தப் பயப்பிடாதையும்" என்றார்.

வாசகர்களில் பலருக்கு இந்தக் குறுக்குக் கணக்கு புதிதாக இருக்கலாம். கடைகளில் ஹப் என்பார்களே, சில்லின் நடுவில் உள்ள அந்தக் குடம், அதன் இரு பக்கமும் துளையிட்ட இரண்டு வட்டத் தட்டுகளைக் கொண்டது. ஒரு தட்டிலிருந்து புறப்படும் கம்பி, றிம்மைச் சென்றடைவதற்கு முன்னர், அதே தட்டிலிருந்து எதிர்ப்புறமாகச் சாய்ந்து வரும் கம்பிகளில் எத்தனையைக் குறுக்கறுத்துச் செல்கிறதோ அதுதான் கணக்கு. ஒன்றையும் அறுக்காமல் குடத்திலிருந்து நேரே றிம்முக்கு ஓடினால் அது நேர்க்கோர்ப்பு. ஒன்றை அறுத்தால் ஒரு குறுக்கு. மூன்றை அறுத்தால் மூன்று குறுக்கு. குறுக்கு கூடக்கூடக் கம்பி அதிகம் சாயும். சாயச்சாய அதன் நீளமும் கூட வேண்டும். ஆகவேதான் கால் அங்குலக் குறைவு என் சில்லின் கோர்ப்பை மாற்றிவிட்டது.

ஏன் சாய வேண்டும்? மிதியை அழுத்தும்போது சங்கிலி குடத்தைத் திருப்புகிறது. குடம் றிம்மைத் திருப்ப வேண்டும். நேராக ஓடும் கம்பியால் எதையும் திருப்ப முடியாது. குடம் சற்று முன்னே முறுகி, கம்பி சற்றுச் சாய்ந்த பின்னரே அது இழுக்கத் தொடங்கும். கப்பியில் சுற்றிய கயிறு கப்பியின் விளிம்பைத் தொட்டவாறு விலகிச் செல்வது போல, குடத்தின் விளிம்பைத் தொட்டவாறு புறப்படும் கம்பியே திருப்பு விசையை வீணாக்காமல் கொண்டுசெல்லும். இழுவைக் கம்பிச் சில்லு என்ற எண்ணத்தை 1808இலேயே ஆங்கிலேயரான ஜோர்ஜ் கேலி எழுதி வைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது பறக்கும் பொறிக்குப் பாரம் குறைந்த சில்லு. பாரிஸ் நகரத்து யூஜின் மேயர் 1869இல் மிதிவண்டிக்கு அத்தகைய சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். கம்பிகளை இவ்வாறு எதிரெதிராகச் சாய்த்துக் கோர்க்கும் முறைக்கு 1874இல் காப்புரிமை பெற்றவர் கொவென்றி நகரின் ஜேம்ஸ் ஸ்ராலி. தையல் இயந்திரத் தொழிலிலிருந்து மிதிவண்டிக்கு வந்த மனிதர். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவருடைய கோர்ப்பை வெல்ல இன்னொன்று வரவில்லை.

எங்கள் பிரித்தானிய வண்டிகளில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40 என்பது மரபு. முன்னது மூன்று குறுக்கு, பின்னது நான்கு குறுக்கு. இது வெறும் பழக்கம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 32 கம்பிச் சில்லில் ஒரு தட்டுக்கு 16 துளை. அடுத்தடுத்த துளைகளுக்கு இடையில் 22.5 பாகை, மூன்று குறுக்கு என்றால் 67.5 பாகை. 40 கம்பிச் சில்லில் ஒரு தட்டுக்கு 20 துளை. இடையில் 18 பாகை. நான்கு குறுக்கு என்றால் 72 பாகை. 90 பாகையை நெருங்கினால் கம்பி குடத்தை ஏறத்தாழத் தொடுகோடாக விலகும். அதாவது முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே சாய்வு. பாரம் அதிகம் விழும் பின்புறத்துக்கு எட்டுக் கம்பி கூடுதல். இரண்டையும் கூட்டினால் 72. பிற நாட்டு வண்டிகளில் முன்னும் பின்னும் 36 வைப்பதன் கூட்டுத்தொகையும் அதுவே. யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து நிதானமாக யோசித்திருக்கிறார்.

முதியவர் அந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. அரை நாளில் கோர்த்து முடித்தார். காற்றடிக்கும் வால்வு வரும் துளையின் இரு புறமும் கம்பிகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக விலகி நிற்கும்படி பார்த்துக்கொண்டார். அப்படி இல்லாவிட்டால் பம்மின் வாய் உள்ளே போகாது. பின்னர் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பிடித்து, முகம் சிவக்க நெரித்தார். "இப்பவே முறுக்குக் கழண்டால் நல்லம். நடுறோட்டிலை கழண்டால் என்னைத்தான் பேசுவீர்" என்றார். அந்த நெரித்தலுக்கு உலோகவியலில் ஒரு விளக்கம் உண்டு என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் அறிந்தேன். கம்பியின் வளைந்த கழுத்தில், வளைத்தபோதே தங்கிவிட்ட அழுத்தத்தை அது தளர்த்துகிறது. அது தளராத கம்பி முதலில் அறும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த இரவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இங்கே சில்லைப் பற்றி மாத்திரம் சொல்கிறேன். வண்டியில் ஏறி ஓட இடம் இருக்கவில்லை. தள்ளத்தான் முடிந்தது. பின் கரியரில் அம்மா. சட்டத்தின் நடுவில் அரிசி. ஹாண்டிலின் இரு புறமும் பைகள். மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்க ஓர் அடி வைத்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னே ஒரு குடும்பத்தின் வண்டிச் சில்லு எட்டுப்போல முறுகிப் படுத்துவிட, அவர்கள் அதைக் கரையில் சாய்த்துவிட்டு மூட்டைகளைத் தலையில் ஏற்றினார்கள். என்னுடையது, கழற்றிய பழைய கம்பியில், முறைக்கு ஒரு குறுக்குக் குறைவாகக் கோர்த்தது, சாவகச்சேரி வரை நெளியவே இல்லை.

அன்று முதல் மூன்று குறுக்கு எனக்கு வேதவாக்கு.

மருமகன் என் சொல்லைக் கேட்டான். அதுதான் அவன் செய்த பிழை. நீளமான கம்பிகளை வரவழைத்து, கைவேலை தெரிந்த நண்பன் ஒருவனைக் கொண்டு மோட்டார்ச் சில்லை மூன்று குறுக்காகக் கோர்த்தான். கம்பிகளின் தடிப்பையும் பழையபடியே 2.6 மில்லிமீற்றராக வைத்துக்கொண்டான். தடித்தால் பலம் என்பது நான் சொன்ன இன்னோர் அறிவுரை. சில கிழமைகளில், ஒரு மழை மாலையில், வளைவு ஒன்றில் திரும்பும்போது இரண்டு கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. சில்லு துள்ளி வண்டியின் சட்டத்தில் உரசியது. விழுந்தான். பையில் இருந்த சாப்பாட்டுக்கான பணம்கூட அன்று கிடைக்கவில்லை.

அறுந்த கம்பிகளின் படத்தை எனக்கு அனுப்பினான். முன்னர் அறுந்தவை குடத்தருகே, வளைந்த கழுத்தில் அறுந்திருந்தன. இவை மறுமுனையில், நிப்பிளுக்குள் நுழையும் மரையின் தொடக்கத்தில் அறுந்திருந்தன. இடம் மாறியிருந்தது. செய்தியாளனுக்கு அது போதிய துப்பு. அளவுகளை அனுப்பச் சொல்லி, கடதாசியும் கணிப்பானுமாக அமர்ந்தேன். முன்னரே செய்திருக்க வேண்டிய வேலை.

சாதாரண குடத்தில் கம்பித் துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். மோட்டாரை உள்ளடக்கிய அவனுடைய குடத்தில் அது 65. றிம்மில் கம்பி சேரும் வட்டத்தின் ஆரை 270. கம்பிகள் 36. சாதாரண குடத்தில் மூன்று குறுக்காகக் கோர்த்தால், றிம்மைச் சேரும் இடத்தில் கம்பி நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 4 பாகை சாயும். நிப்பிள் தன் துளையில் சற்றே சரிந்து அதைத் தாங்கிக்கொள்ளும். அதே மூன்று குறுக்கைப் பெரிய குடத்தில் போட்டால் சாய்வு 13 பாகை. நிப்பிள் அவ்வளவு சரியாது. ஆகவே கம்பி நிப்பிளின் வாயில் முறிந்து வளைகிறது. சில்லு சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவு சற்று விரிந்து சற்று மடங்குகிறது. கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 480 சுற்று. ஒரு மாலையில் 50 கிலோமீற்றர் ஓடினால் 24,000 தடவை. எந்தக் கம்பியும் களைத்துத்தான் போகும்.

ஒரு குறுக்காகக் கோர்த்தால் அந்தச் சாய்வு 6 பாகையாக இறங்குகிறது. அப்படியானால் திருப்பு விசைக்கு ஒரு குறுக்கு போதுமா என்பது என் அடுத்த கேள்வி. அச்சிலிருந்து கம்பியின் இழுவைக் கோட்டுக்குள்ள தூரம்தான் திருப்பும் நெம்புகோலின் நீளம். சாதாரண குடத்தில் மூன்று குறுக்குக்கு அது ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். பெரிய குடத்தில் ஒரே ஒரு குறுக்குக்கு 28. அதாவது நான் அலட்சியம் செய்த அந்த ஒரு குறுக்கு, எங்கள் ஊர்ச் சில்லின் மூன்று குறுக்கைக் காட்டிலும் நன்றாகத் திருப்பும்.

நான் எண்ணிக்கையைக் கற்றுக்கொண்டேன்; எதற்காக அந்த எண்ணிக்கை என்பதைக் கற்கவில்லை. முதியவர் கற்றிருந்தார். கம்பி எட்டாதபோது நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்க அவர் தயங்கவில்லை.

தடிப்பைப் பற்றியும் எனக்குத் திருத்தம் தேவைப்பட்டது. சில்லு ஏன் பாரத்தைத் தாங்குகிறது என்பதில் ஒரு பழைய வாதம் உண்டு: அச்சு மேற்கம்பிகளில் தொங்குகிறதா, கீழ்க்கம்பிகளில் நிற்கிறதா? அமெரிக்கப் பொறியியலாளரான ஜோப்ஸ்ற் பிறான்ற் 1981இல் வெளியிட்ட மிதிவண்டிச் சில்லு பற்றிய நூலில், நிற்கிறது என்றே வாதிட்டார். எல்லாக் கம்பிகளும் ஏற்கெனவே இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கின்றன. பாரம் ஏறும்போது மேற்கம்பிகளில் மாற்றம் மிகச் சொற்பம், நிலத்தை நோக்கிய சில கம்பிகள்தான் தம் இறுக்கத்தில் ஒரு பங்கை இழக்கின்றன. இது சொல்லாட்சி பற்றிய சண்டை என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆனால் திருத்துபவனுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. கீழே வரும் கம்பி முற்றாகத் தளர்ந்துவிடக் கூடாது. தளர்ந்து தளர்ந்து இறுகும் கம்பியே அறும். தடித்த கம்பி குறைவாகவே நீளும் என்பதால் சிறு அசைவிலேயே தளர்ந்துவிடும். அதைப் போதிய அளவு இறுக்கப் பார்த்தால், இலேசான றிம் அந்த இறுக்கத்தைத் தாங்காது. 2 மில்லிமீற்றர்க் கம்பியைச் சரியாக இறுக்கினால், தொய்வாக நிற்கும் 2.6 மில்லிமீற்றர்க் கம்பியைவிட நீண்ட நாள் இருக்கும். நடுப்பகுதி 1.8 மில்லிமீற்றராக மெலிந்து இரு முனைகளும் 2 மில்லிமீற்றராக இருக்கும் கம்பி அதனினும் மேல். தடித்தது பலமானது என்ற எண்ணத்தை விடுவதற்கு எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

இதனிடையே மருமகன், சில்லு கட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைத் தேடிப்பிடித்துவிட்டான். நான் கணக்குப் போட்டு முடித்ததை அவர் சில்லைக் கையில் வாங்கிய அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாராம். ஒரு குறுக்கு, 2 மில்லிமீற்றர்க் கம்பி, குடத்தின் துளைகள் தடித்த கம்பிக்காகப் பெரிதாகத் துளைக்கப்பட்டவை என்பதால் கம்பித் தலைக்குக் கீழே ஒவ்வொரு சிறு வாஷர். அவரும் முடிவில் கம்பிகளைக் கைகளால் நெரித்ததாக மருமகன் சொன்னான். எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இனி என் முறைப்பாடு. கடைக்கு வருகிறவனிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. எவ்வளவு பாரம் ஏற்றுவாய், மோட்டார் உண்டா, பிறேக் றிம்மைப் பிடிக்கிறதா அல்லது குடத்தைப் பிடிக்கிறதா என்று கேட்காமல் ஒரு சில்லுக்குக் கோர்ப்புத் தெரிவு செய்ய இயலாது. இன்று காட்சிக்கு வைக்கப்படும் 20 கம்பி நேர்க்கோர்ப்புச் சில்லு பார்வைக்கு அழகுதான். றிம்மைப் பிடிக்கும் பிறேக் உள்ள பந்தய வண்டியின் முன் சில்லுக்கு அது பொருந்தும். அங்கே குடத்தின் வழியாகத் திருப்பு விசை எதுவும் போவதில்லை, உடைந்தால் மாற்றுச் சில்லுடன் வாகனமும் பின்னே வரும். குடத்தில் தட்டு பிறேக் உள்ள வண்டிக்கு அது முன்புறத்துக்கும் ஆகாது. பிறேக் பிடிக்கும் விசை முழுவதும் குடத்திலிருந்து கம்பி வழியாகத்தான் றிம்முக்குப் போக வேண்டும். நேராக வெளிநோக்கி இழுக்கும் கம்பிகள் குடத்தின் தட்டையே பிளந்துவிடும் என்பதால், குடம் செய்பவர்களிற் பலர் நேர்க்கோர்ப்பை அனுமதிப்பதில்லை. இவ்வளவும் அறிந்த கடைக்காரன் மாலை வேலைக்காரனுக்கு வாயால் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கம்பி ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் வாங்குவது இலாபம் என்பதால் சொல்வதில்லை என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. கேட்கும் வழக்கம் போய்விட்டது என்பதே என் எண்ணம். முழுச் சில்லாக வந்து முழுச் சில்லாகப் போகும் வியாபாரத்தில் கேள்விக்கு இடமில்லை.

இதில் இழப்பு யாருக்கு என்பதும் தெளிவு. 2023 நவம்பரில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், ஒரு பெரிய உணவு விநியோக நிறுவனத்தின் ஓட்டுநர்கள் அந்த நிறுவனத்துடன் தொழில் உறவில் இருப்பவர்கள் அல்லர், ஆகவே தொழிற்சங்கத்தின் மூலம் கட்டாயக் கூட்டுப் பேரத்துக்கு உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்ததை நீதிமன்றம் முதன்மையாகக் கொண்டது. சட்டத்தின் நுட்பத்தோடு நான் வாதிட வரவில்லை. சுயதொழில் செய்பவன் என்ற பெயரில் ஓடுபவனுக்கு வண்டியும் அவனுடையது, சில்லும் அவனுடையது, அறுந்த கம்பியும் வீங்கிய மணிக்கட்டும் அவனுடையவை. யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக் கட்டுகளை மிதிவண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்களின் சில்லுகளுக்கு எங்கள் நிர்வாகங்கள் எத்தனை தடவை பணம் கொடுத்தன என்று எவரும் திருப்பிக் கேட்டால் என்னிடமும் நல்ல பதில் இல்லை. கட்டு வந்து சேரவில்லை என்றுதான் நாங்கள் கோபித்திருக்கிறோம்.

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இந்த வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலர் உண்டு. சாதாரண குடமுள்ள வண்டியானால் 32 அல்லது 36 கம்பி, மூன்று குறுக்கு என்பதில் நான் இன்னும் உறுதியாகவே இருக்கிறேன். மோட்டார்க் குடமானால் ஒரு குறுக்கு. றிம் மிகச் சிறியதாகவும் குடம் மிகப் பெரியதாகவும் இருந்தால் அந்த ஒரு குறுக்கையும் அளந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இழுக்கும் கம்பியின் தலை தட்டுக்கு உட்புறம் வர வேண்டுமா வெளிப்புறம் வர வேண்டுமா என்று திருத்துபவர்கள் தேநீர் ஆறிப்போகும்வரை வாதிடுவார்கள். அதில் பெரிய வேறுபாடு இல்லை, அவர்களைச் சமாதானமாக விட்டுவிடலாம். புதிதாகக் கோர்த்த சில்லை முதற் சில கிழமைகளுக்குள் திரும்பக் கொண்டுபோய் இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கம்பி அறுந்தால் அறுந்த இடத்தைப் பாருங்கள். கழுத்திலா, நிப்பிளின் வாயிலா என்பதைக் கடைக்காரருக்குக் காட்டி, ஏன் என்று கேளுங்கள். ஒரே பக்கத்தில் மூன்றாவது கம்பியும் அறுந்தால் மிச்சக் கம்பிகளும் களைத்துவிட்டன. முழுவதையும் கழற்றிப் புதிதாகக் கோர்ப்பதே மலிவு.

மருமகனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ மாமா, நீங்கள் என்ன வேணுமெண்டே சொன்னனீங்கள்" என்றான். புதிய சில்லு பூட்டிய பின்னர் ஒரு கம்பியும் அறவில்லையாம். போன கிழமை அதன் படத்தை அனுப்பியிருந்தான். கைத்தொலைபேசியில் பெருப்பித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வால்வுத் துளையின் இரு புறமும் கம்பிகள் சமாந்தரமாக விலகி நின்றன.